ஜீரோ பிளாக்கில் யாரும் இல்லை

போன மாதம் கதிர் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையன். பையன் என்கிறேனே தவிர, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"மேடம், நம்ம உள்ளாள் புரோகிராம மொத்தமா புது லாங்குவேஜுக்கு மாத்திக்கினு இருக்கோம். இதுல நல்லே கிடையாது மேடம்!" என்றான். வீட்டில் மூட்டைப்பூச்சி ஒழிந்ததைச் சொல்வதுபோல அத்தனை சந்தோஷம். நல் என்பது 'இங்கே யாரும் இல்லை' என்பதற்கு நாங்கள் புரோகிராமில் போடும் அடையாளம்.

"நல் இல்லாம எப்படிப்பா? இல்லாத ஆள என்ன பண்ணுவீங்க?"

"ஒரு டப்பாவுல போட்டுடுவோம். தொறந்து பாத்துட்டுதான் உள்ள இருக்கறத தொட முடியும். பாக்காம தொட்டா கம்பைலரே வுடாது."

நல்ல ஏற்பாடுதான். நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலையை, எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரே பார்த்துக்கொள்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவன் விஷயத்துக்கு வந்தான்.

"பழைய கோடுல ஒரு எடத்துல ஒரே விஷயத்த ரெண்டு விதமா வெச்சிருக்கீங்க மேடம். 'இல்லை'ன்னு ஒண்ணு, 'தெரியவில்லை'ன்னு ஒண்ணு. ரெண்டுலயும் ஆள் கெடைக்கப் போறதில்ல. ஒண்ணாக்கிடட்டுமா?"

"ஆக்காத. நான் நேர்ல வரேன்."

போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் முத்தாண்டிக்குப்பத்தில், முந்திரித் தோப்புக்கு நடுவில் இருக்கிற வீட்டில், நான் ஒருத்திதான். பால்காரரிடமும் டிவியிடமும் எவ்வளவு பேசுவது? அவன் என்னை வரச் சொல்லவில்லை. நானாகவே வருகிறேன் என்றேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் அப்பா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெய்வேலிக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். பர்மனென்ட். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தேன். சென்னையில் கம்ப்யூட்டர் படித்தேன். ஒரே பிள்ளை என்பதால் திரும்பி வந்துவிட்டேன். டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு மாடியில் சின்னதாக ஒரு தனியார் கம்பெனி இருந்தது. சுரங்கத்துக்குள் காண்ட்ராக்ட் ஆட்களை இறக்கும் காண்ட்ராக்டர்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொடுப்பது அதன் தொழில். அங்கே சேர்ந்தவள் அங்கேயே இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்தந்த வயதில் அந்தந்தக் காரணம் சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

நாங்கள் எழுதியவற்றில் முக்கியமானது உள்ளாள் புரோகிராம். வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு ஆட்கள் குழிக்குள் இறங்குவார்கள். ஏறும்போது மறுபடி காட்டுவார்கள். இந்த நிமிடம் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று பிரிவு வாரியாகத் திரையில் காட்ட வேண்டும். கேள்வி அவ்வளவுதான். அந்தக் கேள்வியோடு என் வாழ்நாள் போயிற்று.

புரோகிராம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சி மொழியில் ஓர் ஆளின் பதிவுக்குள் அவர் எந்தப் பிரிவு என்று முழுவதும் எழுதி வைப்பதில்லை. அந்தப் பிரிவின் விவரம் நினைவகத்தில் எங்கே இருக்கிறதோ, அந்த முகவரியை மட்டும் வைப்போம். அதற்குப் பெயர் பாயின்டர். "பம்ப் பிரிவு, பதினாறாம் பிளாக்கில் போய்ப் பார்" என்பதுபோல. எந்தப் பிரிவும் இல்லை என்றால்? அதற்கென்று ஒரு முகவரி உண்டு, பூஜ்யம். எங்கள் டவுன்ஷிப்பில் வீடுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட பிளாக்குகளாகப் பிரித்திருப்பார்கள்; ஜீரோ பிளாக் கிடையாது. அதனால் "ஜீரோ பிளாக்" என்றாலே, போக வேண்டியதில்லை, யாரும் இல்லை என்று பொருள். அதுதான் நல்.

இதை எனக்குள் ஏற்றியவர் தனசேகரன் சார், எங்கள் பிரிவின் தலைவர். அவர் திரையில் புரோகிராம் படிக்கமாட்டார். அகலமான பேப்பரில் அச்செடுத்து மேசையில் விரித்து, நின்றுகொண்டு, ஸ்கேலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். எழுதியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாயின்டர் வரும் வரியில் ஸ்கேல் நின்றுவிடும்.

"இவன் எங்க போறான் ஸ்டெல்லா?"

"செக்‌ஷனுக்கு சார்."

"இல்லாட்டி?"

அவ்வளவுதான் கேட்பார். குரல் உயராது. பதில் வரும்வரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருப்பார். கண்ணாடியில் அழுக்கு இருந்ததே இல்லை. "அப்படி வராது சார்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் துடைப்பது இன்னும் மெதுவாகும். அலுவலகத்தில் எல்லாரும் அவருக்கு இல்லாட்டி சார் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

ஒருமுறை நான் ஒரு பதிவு முழுவதையும் வெறும் பூஜ்யங்களால் நிரப்பி, பாயின்டரும் நல் ஆகிவிடும் என்று விட்டிருந்தேன். ஸ்கேல் நின்றது.

"நீ எழுதற ஜீரோ வேற, மெஷினுக்குள்ள உக்காந்திருக்கற ஜீரோ வேற. நடுவுல கம்பைலர் இருக்கு. பாயின்டர்னு தெரிஞ்சு நீ ஜீரோ எழுதினா, அந்த மெஷின்ல 'யாரும் இல்ல'ங்கறதுக்கு என்ன அடையாளமோ அத அது போடும். நீயா கைய வெச்சு ஜீரோவ ரொப்பினா, அது வெறும் ஜீரோ. ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். இருந்தே ஆகணும்னு சட்டம் இல்ல."

"நம்ம மெஷின்ல ஒண்ணுதான சார்?"

"நம்ம மெஷின்ல" என்றார். கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் போய் மாற்றி எழுதினேன்.

பிறகு அவர் ஓய்வு பெற்று ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனார். என் அம்மா போனாள், அடுத்து அப்பா போனார். காலையில் மாடியேறி ஏசி அறையில் உட்கார்ந்தால் மாலைவரை என்னிடம் யாரும் பேசவேண்டிய அவசியம் இருக்காது. பேசாமலே ஒரு வாரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக்கு வாயைத் திறந்தால் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

2010 தாண்டி ஒன்றிரண்டு வருடத்தில் பழைய மெஷினை மாற்றினோம். அன்றிலிருந்து பிடித்தது சனி. இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய உள்ளாள் புரோகிராம் புது மெஷினில் பாதியில் விழுந்து செத்தது. திரையில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரு வரி வரும், அப்புறம் ஒன்றும் இருக்காது.

தேடித்தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பழைய மெஷினில் ஜீரோ பிளாக் என்று நிஜமாகவே ஒரு காலி வீடு இருந்திருக்கிறது. நல் என்று பார்க்காமல் யாராவது அங்கே போய்க் கதவைத் திறந்தால், உள்ளே வெறுமை. "பேர் எதுவும் இல்லை" என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் பாட்டுக்குப் போய்விடும். சாருடைய ஸ்கேலுக்குத் தப்பிய வரிகளும், அவருக்குப் பிறகு பலர் எழுதிய வரிகளும் அந்தக் காலி வீட்டின் தயவில் ஓடிக்கொண்டிருந்தன. புது மெஷினில் அங்கே வீடு இல்லை, சுவர். போனவன் முட்டிச் சாகிறான்.

புது மெஷின் உண்மையைச் சொல்கிறது என்று நான் சொன்னேன். புது மெஷின் மட்டம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சென்னையிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் வந்து ஒரே நாளில் சரிசெய்துவிட்டுப் போனார்கள். எங்கே நல் வந்தாலும் அதைக் காலிப் பெயராக எடுத்துக்கொள் என்று ஓர் ஒட்டுப் போட்டார்கள். அதாவது, இடித்த காலி வீட்டை மறுபடி கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ஓட வேண்டும் என்றார்கள், ஓடவைத்தார்கள். நான் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒட்டுப் போடாத புரோகிராமின் நகல் ஒன்றை என் மேசைக்குப் பக்கத்து மெஷினில் தனியாக ஓடவிட்டேன். வாசல் பதிவுகள் அதற்கும் வரும். அது செத்தால், யாருக்காகச் செத்தது என்று பார்த்து அந்தப் பதிவைத் திருத்துவேன். அந்த மெஷினுக்கு என்னைத் தவிர வேறு நாதியில்லை.

பிறகு ஒரு கார்த்திகையில் அந்த மழை பெய்தது. இந்தப் பக்கத்து ஆட்களிடம் அந்த மழை என்றால் போதும், எந்த வருடம் என்று சொல்ல வேண்டாம்.

மத்தியானமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்காக வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாததால் நான் இருந்தேன். சுரங்கத்தில் கீழ்க்குழியில் வேலை செய்த காண்ட்ராக்ட் ஆட்களை மேலே ஏறச் சொல்லியிருந்தார்கள். மேல்தட்டில் தேங்கிய தண்ணீர் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, அதைக் கீழ்க்குழிக்குத் திருப்பிவிட வேண்டும். கீழே ஆள் இல்லை என்று தெரிந்தால்தான் திருப்பலாம். கன்ட்ரோல் அறைத் திரையில் எங்கள் புரோகிராம் பிரிவு வாரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பிரிவிலும் சைபர்.

அந்த நேரத்தில் என் பக்கத்து மெஷின் செத்தது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் செத்தது. எந்தப் பதிவில் என்று பார்த்தேன். வேல்முருகன், பம்ப் ஹெல்பர், காடாம்புலியூர். காலையில் இறங்கியதற்குப் பதிவு இருந்தது. ஏறியதற்கு இல்லை. பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் நல். பிரிவைக் குறித்துத் தருவது அவரவர் காண்ட்ராக்டர். அவர் இறங்கிய பிறகு, சற்றுமுன்தான் அவரைப் பழைய காண்ட்ராக்டரின் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். புது காண்ட்ராக்டரிடம் இன்னும் சேர்க்கவில்லை. ஒட்டுப் போட்ட புரோகிராம் அவரைப் பெயரில்லாத பிரிவில் போட்டிருந்தது. பெயரில்லாத பிரிவுக்குத் திரையில் இடம் கிடையாது. அதனால் எல்லாம் சைபர்.

கன்ட்ரோல் அறைக்குப் போன் போட்டேன். ஷிஃப்ட் இன்சார்ஜ் பாலு எடுத்தார். நல்ல மனிதர்.

"கீழ யாரும் இல்லீங்க மேடம். இப்பதான் திருப்பப் போறோம்."

"வேல்முருகன்னு ஒருத்தரு, பம்ப் ஹெல்பர். கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் திருப்பாதீங்க."

அங்கேயே பழைய காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் இருந்தார். பாலு கேட்பதும் அவர் சொல்வதும் என் காதில் விழுந்தது. "அவுரு இப்ப எங்ககிட்ட இல்லீங்க." புது காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரைக் கேட்டார். "அந்தப் பேர்ல எங்ககிட்ட ஆளே இல்லீங்களே."

பாலு மறுபடி போனுக்கு வந்தார். "இல்லீங்களாம் மேடம்."

"இல்லன்னா? மேல வந்துட்டாரா?"

அவர் மறுபடி அவர்களிடமே கேட்கத் திரும்பினார். நான் விடவில்லை.

"பாலு சார், ஒருத்தரு எங்ககிட்ட இல்லங்கறாரு. ஒருத்தரு ஆளே இல்லங்கறாரு. நீங்க கீழ இல்லங்கறீங்க. இதுல எந்த இல்ல நெஜம்? யாராச்சும் கண்ணால பாத்தீங்களா?" நான் கத்திவிட்டேன். அந்த அறையில் அதுவரை நான் கத்தியதில்லை.

"மழை சாத்துது மேடம். சரிவுப் பாதை அரிச்சிக்கினு போவுது. சும்மா சந்தேகத்துக்கு ஜீப்ப எறக்க முடியாது. ஆளு மேல ஏறி, அட்டையக் காட்டாம ஓடிப்போயிருப்பாரு. எல்லாரும் அப்படித்தான் ஓடினாங்க." அவர் சொன்னதும் நியாயம்தான். ஜீப்பில் போகிறவர்களும் மனிதர்கள்.

வேல்முருகனின் பதிவில் அவசரத்துக்கு என்று ஒரு போன் எண் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பலரும் நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். அவர் நிரப்பியிருந்தார். பாலுவை லைனில் வைத்துக்கொண்டே என் கைபேசியில் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தம்.

"வேல்முருகன் வூட்டுக்கு வந்துட்டாருங்களா?"

"இல்லீங்களே. ஷிஃப்டு முடிஞ்சா போன் பண்ணுவாரு. இன்னும் பண்ணல. நானும் அடிச்சிக்கினே கீறேன், எடுக்க மாட்டேங்குது. ஏங்க, யாரு நீங்க? அவுருக்கு என்னாங்க?"

கேட்ட இல்லைகளில் அது ஒன்றுதான் நிஜமான இல்லை. ஒருவருக்காகக் காத்திருந்து, அவர் வரவில்லை என்று தெரிந்து சொன்ன இல்லை. இரண்டு போனையும் ஒட்டிப் பிடித்திருந்ததால் பாலுவும் அதைக் கேட்டார். "ஜீப்ப எடுங்கடா" என்று அவர் திரும்பிச் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை. மெஷினின் விசிறி ஓடியது. செத்த புரோகிராம் திரையில் அப்படியே கிடந்தது. அந்த அம்மா இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டார். "பாத்துக்கினு இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். ஜீப்பில் போனவர்களுக்கு ஏதாவது ஆனால் அது என் வாயால் ஆனது என்று நினைத்தேன். ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறந்துபோனது.

பாலு கூப்பிட்டார். "இருக்காரு மேடம். பம்ப் மிதவைமேல உக்காந்துகினு இருந்தாரு. சுத்தியும் தண்ணி. போன் நனைஞ்சிபோச்சாம். தூக்கியாச்சு. இருக்காரு."

முதலில் காடாம்புலியூருக்குச் சொன்னேன். அந்த அம்மா அழும் சத்தம் கேட்டது. போனை வைத்த பிறகு நானும் அழுதேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "நம்ம ஸ்கேலுக்குத் தப்பின ஒரு வரி சார்" என்று சொல்ல வேண்டும். தனசேகரன் சாரின் ஓசூர் எண்ணைப் போட்டேன். நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். இரண்டு மொழியில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வைத்தேன். அவரைப் பற்றி அதற்கப்புறம் எனக்குத் தகவல் கிடைக்கவில்லை.

மழை விட்டதும் ஒட்டைப் பிய்த்து எறிந்தேன். இந்தமுறை யாரும் தடுக்கவில்லை. நல் என்றால் இல்லை, அவ்வளவுதான். ஆராய்ந்து, இல்லை என்று தெரிந்துகொண்டு போடுவது. "தெரியவில்லை" என்பதற்கு நினைவகத்தில் நிஜமாகவே ஒரு பதிவை உண்டாக்கி, அதற்கென்று ஒரு முகவரி கொடுத்தேன். பிரிவு தெரியாதவர்கள் எல்லாரும் அந்த முகவரியைச் சுட்டுவார்கள். அந்தப் பிரிவு பட்டியலின் தலையில், சிவப்பில் வரும். அதில் ஒரு பெயர் இருக்கும்வரை கீழே யாரும் இல்லை என்று புரோகிராம் சொல்லாது. யாராவது போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மாற்ற வேண்டும். அவசர எண் கட்டத்தையும் கட்டாயமாக்கினேன். அதிலும் எண் தரலாம், அல்லது இல்லை, தெரியவில்லை இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். வெறுமையாக மட்டும் விட முடியாது. தெரியவில்லை என்றவர்களின் பெயரும் அதே சிவப்பில் வரும்.

நம் பேச்சில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். இல்ல என்கிறோம், கேட்டவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கதிரிடம் நேரில் இதைத்தான் சொன்னேன். அவன் புத்திசாலி, பாதியிலேயே பிடித்துக்கொண்டான். "அப்ப டப்பா ரெண்டு வகை இல்ல மேடம், மூணு வகை. இருக்கு, இல்லை, தெரியல. மூணுக்கும் பதில் எழுதாம கம்பைலர் வுடாது. அப்படியே வெச்சிடறேன்" என்றான். காபி வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு வேலை இருந்தது, நான் கிளம்பினேன்.

அன்று அவனைப் பார்க்கப் போகும்போது வாசலில் நடந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. நான் வருகிறேன் என்றதும் கதிர், அன்று தனக்கு வேலை இருந்த சுரங்கத்துக் கன்ட்ரோல் அறைக்கு வழி சொல்லியிருந்தான். பார்க்க வருகிறவர்களையும் பதிந்துதான் உள்ளே விடுவார்கள். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், என்னைத் தெரியாது. பெயர், ஊர், யாரைப் பார்க்க என்று கேட்டுப் பதிந்துகொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"அவசரத்துக்கு யாரக் கூப்புடணுங்க மேடம்?"

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பால்காரர் எண் இருந்தது. ஆனால் நான் வீடு திரும்பவில்லை என்பது மறுநாள் காலையில் பால் பாத்திரம் வாசலில் இல்லாவிட்டால்தான் அவருக்குத் தெரியும்.

"வெறுமனே வுட்டா இது எடுத்துக்க மாட்டேங்குதுங்க. வூட்டுல யாராச்சும்? சொந்தக்காரங்க?"

"இல்லம்மா."

அவள் என் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "'தெரியவில்லை'ன்னு போட்டுடட்டுங்களா? அப்படிப் போட்டா உங்க பேரு மேல செவப்புல வரும். நீங்க திரும்பலன்னா யாராச்சும் வந்து பாப்பாங்க."

நல்ல பெண். அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. ஒரு பொழுதுக்காவது என் பெயர் சிவப்பில் வரும், ஸ்டெல்லா வெளியே வந்துவிட்டாளா என்று யாரோ ஒருவர் எழுந்து வந்து பார்ப்பார். ஆனால் அந்த இடம் எங்கே இருக்கிறார் என்று தெரியாதவர்களுக்காக நான் கட்டியது. என் விஷயத்தில் தெரியாதது ஒன்றுமில்லை.

"வேணாம்மா. 'இல்லை'ன்னே போடு."

போட்டாள். "தெரியவில்லை" என்று போட்டால் ஒவ்வொரு முறையும் புரோகிராம் திரும்பக் கேட்கும். இல்லை என்றவரை மறுபடி கேட்டு நோகடிக்கக் கூடாது என்று, அந்த இடத்தில் இரண்டாவது கேள்வியே வராதபடி எழுதியிருந்தேன். அது கேட்கவில்லை. கதவு திறந்தது, நான் உள்ளே போனேன்.